எரிச்சலைக் குணம் என்று எண்ணியிருந்தேன்

என் முகம் எரிந்துகொண்டிருந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு கன்னங்கள், மூக்கு, நெற்றியின் நடுப்பகுதி. அடுப்பில் கை பட்டால் கையை இழுத்துக்கொள்ளலாம். முகத்தை எங்கே இழுத்துக்கொள்வது?

எங்கள் வீட்டில் ஒரு பழைய இரும்பு பீரோ இருக்கிறது. பகல் முழுவதும் அதன் கதவில் கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு நிற்பேன். இரும்பு குளிர்ச்சியாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் என் சூட்டில் அந்த இடமும் சூடாகிவிடும். பக்கத்து இடத்துக்கு நகர்வேன். பிறகு மறு கன்னம். கதவு முழுக்கச் சூடான பிறகு அழுகை வரும். கண்ணீர் கன்னத்தில் இறங்கினால் உப்புப் பட்டு இன்னும் எரியும். ஆகவே அழவும் முடியாது.

கர்த்தர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் நான் எங்கே நின்றிருந்தேன் என்று தெரியாமல் அவர் எங்கிருந்து தூக்கினார் என்பது உங்களுக்குப் புரியாது. அதனால் பீரோவிலிருந்து தொடங்குகிறேன்.

என் பெயர் ரெபேக்கா. கள்ளிக்குப்பத்தில் குடியிருக்கிறோம். கணவர் சாமுவேல் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். நான் அடுத்த தெருவில் உள்ள சிறிய நர்சரிப் பள்ளியில் யு.கே.ஜி. ஆசிரியை. எங்கள் சபையில் பெண்கள் நகை போடுவதில்லை. பவுடர் பூசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை. அப்படி வாழ்வதில் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. சோப்பைத் தவிர என் முகம் வேறெதையும் அறியாது.

போன வருடம் ஆண்டு விழாவுக்காகக் குழந்தைகளுக்கு மொட்டை மாடியில் நடனப் பயிற்சி கொடுத்தோம். பங்குனி மாதம், வெயில் ஏறிக்கொண்டிருந்த நாட்கள். கீழே இறங்கி வந்தால் முகம் சிவந்திருக்கும். எல்லோருக்கும்தான் சிவந்திருந்தது. மற்றவர்களுக்குச் சாயங்காலத்துக்குள் இறங்கிவிடும். எனக்கு இறங்கவில்லை. மறுநாளும் இருந்தது. பிறகு அரிப்பு வந்தது. அதன்மேல் சிறு சிறு பருக்கள் வந்தன. சூடாக டீ குடித்தால் கன்னத்துக்குள் யாரோ அடுப்பைப் பற்றவைத்ததுபோல் இருக்கும். சாதம் வடிக்கும் ஆவி பட்டால் ஓடிப்போய்க் குழாயடியில் நிற்பேன்.

மெடிக்கலில் சொல்லி ஒரு க்ரீம் வாங்கினேன். சில நாட்களிலேயே முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. விடுமுறை முழுவதும் அதைத்தான் பூசினேன். பள்ளி திறக்கும் சமயம் க்ரீம் தீர்ந்தது. நிறுத்தினேன். முன்பிருந்ததைவிட இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

முதல் நாளே ஒரு குழந்தை வகுப்பில் எழுந்து நின்று, "மிஸ், உங்க மூஞ்சில தக்காளி கீது" என்றது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்கும்போது தோல் இழுத்து வலித்தது.

குழந்தைகள் பரவாயில்லை. வாசலில் விடவரும் அம்மாக்கள் என்னைப் பார்த்ததும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி நேராகவே கேட்டாள்: "மிஸ், தப்பா நெனச்சுக்காதீங்க. இது ஒட்டுமா?" எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னேன். அதுதான் பெரிய தவறாகிவிட்டது. அந்த வாரமே முதல்வர் கூப்பிட்டு, "சரியான பிறகு வாங்க ரெபேக்கா மிஸ், உங்க க்ளாஸ் எங்கயும் போயிடாது" என்றார். நல்லவர்தான். ஆனால் நான் வீட்டுக்கு நடந்த அந்தத் தெரு அன்று மிகவும் நீளமாக இருந்தது.

வீட்டில் உட்கார்ந்தேன். பீரோ பழக்கம் அப்போதுதான் வந்தது. என் கணவர் ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது பார்த்துவிட்டார்.

"நான் ஒருத்தன் ஊட்ல கீறேன். நீ இன்னாடான்னா பீரோவ கட்டிப் புடிச்சிகினு நிக்கிற" என்றார்.

என்னைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னார். நான் திரும்பியதும் என் முகத்தைப் பார்த்தார். அவருடைய முகம் மாறியது. தட்டை எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் பட்டறைக்குத் திரும்பிப் போனார்.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமைதோறும் பெண்களுக்கு உபவாச ஜெபம் உண்டு. காலையிலிருந்து சாப்பிடாமல் கூடி, சாயங்காலம் வரை ஜெபிப்போம். எலிசபெத் சிஸ்டர் என்று ஒருவர் ஒவ்வொரு வாரமும் ஆலிவ் எண்ணெய் கொண்டுவருவார். வானகரத்தில் குடியிருக்கிறார். எண்ணெயில் எலுமிச்சைப் புல் தைலத்தைக் கலந்து கொண்டுவருவார். ஆராதனை அறை முழுவதும் மணக்கும். ஜெபத்தை நடத்தும் பாஸ்டரம்மா அதன்மேல் கை வைத்து ஜெபிப்பார். பிறகு நோயாளிகளின் நெற்றியில் ஒரு துளி தொட்டு வைப்பார். மீதியைச் சின்னச் சின்னப் பாட்டில்களில் ஊற்றி வீட்டுக்கு எடுத்துப்போவோம்.

நான் துளியோடு நிற்கவில்லை. முகம் முழுக்கப் பூசினேன். காலையில், மதியம், மாலையில். பூசியதும் நெருப்பாக எரிந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "எரிஞ்சா வேல செய்துன்னு அர்த்தம் சிஸ்டர். உள்ள கீறது வெளிய வருது. தாங்கிக்கோ" என்றார் எலிசபெத் சிஸ்டர். அன்போடு சொன்னார். நான் நம்பினேன். எவ்வளவு எரிகிறதோ அவ்வளவு விசுவாசம் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். ஜெபித்த எண்ணெயைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ மனம் வரவில்லை. அதனால் முகம் கழுவுவதையே குறைத்தேன். பீரோ கதவெல்லாம் எண்ணெய்க் கறை.

ஆடி மாதம் அனலும் தூசியுமாக அடித்த காற்றில் வெளியே தலைகாட்ட முடியவில்லை. கன்னத்துத் தோல் உரிந்தது. பருக்களில் நீர் கோத்தது. இமைகள் தடித்து, கண்ணில் மண் விழுந்ததுபோல் உறுத்தியது. அரிப்பைத் தாங்காமல் தலையணை உறையால் தேய்த்துவிட்டு, உறையில் பொட்டுப் பொட்டாக ரத்தம் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

"டாக்டராண்ட போலாம் வா. ஜெபமும் பண்ணிக்கோ, யாரு வேணான்னா" என்று கணவர் விடாமல் சொல்லி, ஒரு சனிக்கிழமை என்னை பைக்கில் உட்காரவைத்து அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனார். ஹெல்மெட்டுக்குள் என் மூச்சுக்காற்றின் சூட்டையே தாங்க முடியவில்லை.

டாக்டர் என் வயதுப் பெண். விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்து நெடுநேரம் பார்த்தார்.

"இது ரோசேஷியா. தோலுக்கு அடியில இருக்கற ரத்தக் குழாயெல்லாம் சட்டுனு விரிஞ்சுக்குது. வெயில், ஆவி, காரம், டென்ஷன், எது பட்டாலும் கொதிக்கும். யாருக்கும் ஒட்டாது. மெடிக்கல்ல வாங்கின க்ரீம் இன்னும் கெடுத்திருக்கு" என்றார். "வேரோட போயிடும்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அடக்கி வெக்கலாம். மொதல்ல எல்லாத்தையும் நிறுத்துங்க. வாசனை வர்ற எதுவும் முகத்துல படக்கூடாது. எரியும்போது சுத்தமான துணிய பச்சத் தண்ணியில நனைச்சு ஒத்திக்குங்க. தேய்க்காதீங்க. ஐஸ நேரா வெக்காதீங்க."

தடவ ஒரு களிம்பும், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரும், வெளியே போகும்போது பூச ஒரு சன்ஸ்க்ரீனும், விழுங்க மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

வாசனை வருகிற எதுவும். அந்த வார்த்தை என் காதிலேயே நின்றது.

வீட்டுக்கு வந்து சன்ஸ்க்ரீனைப் புறங்கையில் தடவிப் பார்த்தேன். வெள்ளையாக, பவுடர் பூசியதுபோல் நின்றது. மூடிவைத்தேன். களிம்பைத் திறக்கவே இல்லை. மாத்திரை அட்டையையும் பிரிக்கவில்லை. இதைத் திறந்தால் ஆண்டவரை நம்பவில்லை என்று ஆகும். எண்ணெயை நிறுத்தினால் இத்தனை நாள் தாங்கியது வீண் என்று ஆகும். எல்லாவற்றையும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, பூட்டிய கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றேன். மருந்துக்கும் என் முகத்துக்கும் நடுவில் ஒரு தகடுதான் இருந்தது. அப்படியும் சாவியைத் தொடவில்லை.

கணவர் இரண்டொரு நாள் பார்த்துவிட்டு, "போட்டியா இல்லியா?" என்று கேட்டார். நான் பீரோ பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் கத்தவில்லை. வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அது கத்தியதைவிட மோசமாக இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை மதியம் மின்சாரம் இல்லை. காற்றாடி நின்றுவிட்டது. தரை, சுவர், பீரோ எல்லாம் சூடு. முகத்தை வைக்க இடமே இல்லை. தரையில் விழுந்தேன். அதுவரை நான் கேட்டதெல்லாம் குணமாக்கும் ஆண்டவரே, இன்றைக்கே குணமாக்கும் என்பதுதான். அன்று அதைக் கேட்கும் பலமும் இல்லை. சத்தமாகவே சொன்னேன்:

"ஆண்டவரே, குணம் வேண்டாம். எதைப் போடுவது, எதை விடுவது, அதை மட்டும் சொல்லும். எனக்குத் தெரியவில்லை. நீர் சொல்லாவிட்டால் இந்த முகத்தை நானே பிய்த்துவிடுவேன்."

எந்தக் குரலும் கேட்கவில்லை. தரிசனம் எதுவும் இல்லை. சாயங்காலம் மின்சாரம் வந்தது. அவ்வளவுதான்.

மறுநாள் வெள்ளி. உபவாச ஜெபத்துக்குப் போக மனமில்லாமல் போனேன். காலையில் வழக்கம்போல் எண்ணெய் பூசியிருந்தேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்தேன். மதியத்துக்குமேல் மழை பிடித்தது. அப்படி ஒரு மழை. ஜன்னல் வழியாகச் சாரல் உள்ளே அடித்தது. பாஸ்டரம்மாவே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையைத் துடைத்தார். பூந்தமல்லிக்காரர். கணீரென்று பேசுவார். யார் தடுத்தாலும் எந்த வேலையையும் விட மாட்டார்.

நோயாளிகளுக்கு ஜெபிக்கும் நேரம் வந்தது. எலிசபெத் சிஸ்டர் வரவில்லை. அவரிடமிருந்து போன் வந்தது. வானகரத்தில் சர்வீஸ் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர், ஸ்கூட்டி நின்றுவிட்டது, கடை வாசலில் ஒதுங்கி நிற்கிறேன் என்றார்.

"எண்ணெய் இல்லயே பாஸ்டரம்மா, இன்னா பண்றது?" என்று ஒரு சிஸ்டர் கேட்டார்.

"எண்ணெய்தான மழைல மாட்டிகினுது? கர்த்தரா மாட்டிகினாரு? கூப்டு எல்லாரையும்."

என் முறை வந்தது. முந்தானையை விலக்கினேன். பாஸ்டரம்மா என் முகத்தைப் பார்த்தார். எப்போதும் உடனே ஜெபத்தைத் தொடங்கிவிடுகிறவர், தொடங்கவில்லை. எழுந்து போய்க் கையை நன்றாகக் கழுவினார். மேசை விரிப்புகளோடு துவைத்து மடித்து வைத்திருந்த ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, குடிக்க வைத்திருந்த மண்பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துகொண்டு வந்தார்.

"பாஸ்டரம்மா, முகத்துல ஜெபிச்ச எண்ணெய் இருக்கு" என்றேன். துணி பட்டால் அது போய்விடுமே என்று பயம்.

"ஜெபிச்சவ நான்தான. தொடைக்கறவளும் நான்தான். காட்டு மூஞ்சிய."

துடைத்தார் என்பதுகூடச் சரியில்லை. ஒத்தி ஒத்தி எடுத்தார். மறுபடி நனைத்தார். பிறகு ஈரத் துணியை என் முகம் முழுவதும் போர்த்தி, அதன்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் மெதுவாக வைத்து ஜெபித்தார். துணி சூடானதும் பக்கத்தில் இருந்த சிஸ்டர் வாங்கி நனைத்துக் கொடுத்தார். பாஸ்டரம்மா நீளமாக ஜெபிக்கிறவர் என்று எங்கள் சபையில் செல்லமாகக் கேலி உண்டு. அன்று அந்த நீளம் எனக்காகவே இருந்தது.

எரிச்சல் இறங்கியது.

முழுவதும் போகவில்லை. இறங்கியது. கொதித்த பாலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்ததுபோல், அந்தக் கொதிப்பு அடங்கியது. ஈரத் துணிக்குள் நான் மூச்சை இழுத்துவிட்டேன். பங்குனியிலிருந்து நான் விட்ட முதல் முழு மூச்சு அது. டாக்டர் சொன்னதும் இதைத்தான் என்பது அப்போதுதான் நெஞ்சில் இடித்தது. சுத்தமான துணி, பச்சைத் தண்ணீர், தேய்க்காமல் ஒத்துவது. நான் டாக்டரிடம் போனதையே பாஸ்டரம்மாவிடம் சொல்லவில்லை. அவருக்கு யார் சொன்னது? நேற்று நான் தரையில் கிடந்து யாரிடம் கேட்டேனோ அவர்தான்.

ஜெபம் முடிந்ததும் பாஸ்டரம்மா துணியை எடுத்தார்.

"இப்போ எரியுதா?"

"இல்ல பாஸ்டரம்மா. கம்மியாயிருக்கு."

"எண்ணெ வெக்கும்போது?"

"எரியும்."

"எரியுதுன்னு ஏன்மா ஒரு நாளும் சொல்லல?"

"எரிஞ்சா நல்லதுன்னு நெனச்சேன். எரியுதுன்னு சொன்னா விசுவாசம் இல்லன்னு..."

முடிக்க முடியவில்லை. பாஸ்டரம்மாவின் கண் கலங்கியது.

"எத்தினி வாரமா உனுக்கு ஜெபம் பண்றேன். உன் மூஞ்சி எங்க எரியுதுன்னே தெரியாம ஜெபம் பண்ணிகினு இருந்துகீறேன் பாரு" என்றார்.

அப்போது எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர், களிம்பு, மாத்திரை, பீரோ. அவர் என்னைத் திட்டவில்லை. "நான் தெனம் காலைல ஜெபம் பண்ட்டு சுகர் மாத்திர போடறேன். போட்டா கர்த்தர் கோச்சிக்கினாரா? நட உன் ஊட்டுக்கு" என்றார். மழை விட்டிருந்தது. தெருத் தண்ணீரில் இறங்கி இருவரும் நடந்தோம். பீரோவைத் திறந்தேன். பாஸ்டரம்மா அந்த மருந்துகளை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, எண்ணெய் பாட்டிலின்மேல் எப்படி ஜெபிப்பாரோ அப்படியே கண்களை மூடி ஜெபித்தார். பட்டறையிலிருந்து வந்த என் கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஆமென் சொன்னது அவர்தான். அவர் அவ்வளவு சத்தமாக ஆமென் சொல்லி நான் கேட்டதில்லை.

உடனே மாறிவிடவில்லை. மருந்து தொடங்கிய புதிதில் கொஞ்சம் சிவந்தது. பயந்தேன். உடனே டாக்டருக்குப் போன் செய்து கேட்டேன். வாரங்கள் ஆயின. முதலில் இமை இறங்கியது. பிறகு பருக்கள் காய்ந்தன. ஒருநாள் சாதம் வடித்துவிட்டு நிமிர்ந்தபோது, குழாயடிக்கு ஓடவில்லை என்பதைக் கவனித்தேன். அங்கேயே நின்று ஸ்தோத்திரம் சொன்னேன்.

சன்ஸ்க்ரீன் பூசிக்கொண்டு சபைக்குப் போன முதல் ஞாயிறு பயமாகத்தான் இருந்தது. வெள்ளைச் சேலை, வெள்ளை மூக்கு. செருப்பு விடும் இடத்திலேயே எலிசபெத் சிஸ்டர் பார்த்துவிட்டார்.

"இன்னா சிஸ்டர், பவுடர் போட்டுகினு வந்துகீற?"

நான் வாயைத் திறக்கும் முன் பின்னாலிருந்து பாஸ்டரம்மாவின் குரல் வந்தது. "பவுடர் இல்ல, கொட. வெயில்ல நீ தலைக்கி மேல புடிக்கற. அவ மூஞ்சி மேல புடிச்சிகினு வந்துகீறா. போ உள்ள."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எலிசபெத் சிஸ்டரும் சிரித்தார். ஆனால் ஆராதனை முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்துப் போனார். மழை பெய்த அந்த வெள்ளிக்கிழமை நடந்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"என் எண்ணெதான் உன்ன எரிச்சுதா சிஸ்டர்?" என்று கேட்டார்.

"நீங்க அன்பாத்தான் குடுத்தீங்க. நான்தான் துளிக்குப் பதிலா பாட்டில கவுத்தேன்" என்றேன். இருவரும் அங்கேயே கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தோம். இப்போதும் அவர்தான் எண்ணெய் கொண்டுவருகிறார். தைலம் கலப்பதில்லை. பாஸ்டரம்மா என் தலை உச்சியில் ஒரு துளி வைப்பார். எனக்கு அது போதும்.

டாக்டர் கொடுத்த சான்றிதழோடு பள்ளிக்குத் திரும்பினேன். ஒட்டுமா என்று கேட்ட அந்தத் தாய்க்கு இப்போது என்னிடம் பதில் இருந்தது. ஒட்டாது என்று சொன்னேன். அவள் பிள்ளையின் கையை விட்டாள்.

இந்த நோய் என்னைவிட்டு முழுவதும் போய்விட்டது என்று நான் சாட்சி சொல்லவில்லை. போகவில்லை. வெயில் அதிகமானாலோ மனம் கலங்கினாலோ இன்றும் கன்னம் சிவக்கிறது. அப்போது ஒரு துணியை நனைத்து முகத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து ஜெபிக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபிப்பதில்லை. எங்கே எரிகிறது, எவ்வளவு எரிகிறது என்று அவருக்குச் சொல்கிறேன். நான் கேட்டது வழி. அவர் காட்டியது வழி. அந்த வழியில் ஒவ்வொரு நாளும் என்னை நடத்துகிறார். அவருக்கே மகிமை.

இதை வாசிக்கிற சகோதரியே, சகோதரனே. உங்களுக்கு எது எரிகிறதென்று எனக்குத் தெரியாது. உடம்பாக இருக்கலாம், வீடாக இருக்கலாம். தாங்கிக்கொண்டு சும்மா இருப்பதுதான் விசுவாசம் என்று நானும் நினைத்திருந்தேன். ஆண்டவரை நம்புங்கள். நம்புவதால்தான் சொல்கிறேன், அவரிடம் போய், எரிகிறது என்று சொல்லுங்கள். உங்களுக்காக ஜெபிக்கிறவர்களிடமும் சொல்லுங்கள். வைத்தியரிடமும் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கையைக் கழுவிக்கொண்டு, துணியை நனைத்துக்கொண்டு யாரையாவது உங்களிடம் அனுப்புவார்.